என் சுவரில் மீட்டர், உங்கள் பூட்டில் கணக்கு: மின் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், பகிர்மான நிறுவனத்தின் நிர்வாகத்தினருக்கும்,

மூன்று வாரங்களுக்கு முன் நீங்கள் வெளியிட்ட உத்தரவை நான்கு முறை படித்துவிட்டேன். முதல் முறை படித்தபோது, நான்தான் ஏதோ தவறாகப் புரிந்துகொண்டேன் என்று நினைத்தேன். தாமே அளந்து நிறுவனத்துக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர்கள் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பதியும் அளவுகளை “பகிர்மான நிறுவனத்தின் உள்ளகப் பதிவுகள்” என்று அதன் நான்காவது பத்தி அறிவிக்கிறது. வீட்டுக்காரர் தன் அளவுகளையே கேட்டால் 60 நாட்களுக்குள் “இயன்ற வடிவில்” தரலாமாம். அந்தரங்கம் கருதி, அவர் எழுத்தில் ஒப்புதல் கொடுத்தாலும் வேறொருவருக்கு நேரடியாகத் தர வேண்டியதில்லையாம். மின்மாற்றி, அதற்கு மின்சாரம் கொண்டுவரும் வழித்தடமான ஃபீடர் ஆகியவற்றின் மின்னழுத்தமும் சுமையும் பாதுகாப்பு கருதி எவருக்கும் கிடையாதாம்.

இதே ஆணையம்தான் மாடிகளில் சூரியத் தகடு வையுங்கள், மின்கலம் வையுங்கள், மின்வண்டிக்கு மின்னேற்றும் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள், மின்கட்டமைப்பின் பங்காளிகள் ஆகுங்கள் என்று எங்களை அழைத்தது. உங்கள் ஆவணங்களில் எங்களுக்குப் “பரவல் மின்வளங்கள்” என்று பெயர். பங்காளி என்று அழைத்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தை மட்டும் காட்டமாட்டேன் என்பவரோடு எவரும் தொழில் செய்யமாட்டார்கள்.

நான் பதினொரு ஆண்டுகளாக மாடிகளில் தகடு பொருத்துகிறவன். ஏணி, துளைக்கருவி, மீட்டர்ப் பெட்டி இவற்றோடு வாழ்கிறவன். கொள்கை பேசும் தகுதி எனக்கு இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை வீட்டில் 5 கிலோவாட் தகடு பொருத்தினேன். நான்கு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, வெயில் கொளுத்துகிறது, உங்கள் பெட்டி மட்டும் தூங்குகிறது” என்றார். போய்ப் பார்ப்பதற்குள், தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் அந்த இன்வர்ட்டர் பெட்டி தானாக எழுந்துவிட்டிருந்தது. மறுவாரமும் அதே கதை. இன்வர்ட்டரில்தான் கோளாறு என்று முடிவு செய்து, உத்தரவாதத்தின் பேரில் புதிதாக ஒன்றை வரவழைத்து மாற்றினேன். நல்ல நிலையில் இருந்த ஒரு கருவியைக் கழற்றித் திருப்பி அனுப்பினேன் என்பது பிறகுதான் தெரிந்தது. புதியதும் அடுத்த ஞாயிறு படுத்துக்கொண்டது. அன்று மட்டும் 17 முறை நின்று, 17 முறை எழுந்தது.

பிழைக்குறியீடு “மின்னழுத்தம் அதிகம்” என்றது. அந்த இன்வர்ட்டர் 230 வோல்ட் வழித்தடத்தில் வேலை செய்வது. 253 வோல்ட்டைத் தாண்டினால் தன்னைத் துண்டித்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது. அது சரியான அமைப்புதான், மாற்றக் கூடாது. ஆனால் மின்னழுத்தம் ஏன் தாண்டுகிறது? தகடு உற்பத்தி செய்த மின்சாரம் தெருக்கம்பியில் ஏறி மின்மாற்றியை நோக்கிப் பின்னோக்கிப் பாயும்போது, கம்பியின் மின்தடை காரணமாக வீட்டு முனையில் மின்னழுத்தம் உயரும். எவ்வளவு உயரும் என்பது மின்மாற்றியிலிருந்து எந்த அளவில் புறப்படுகிறது, வழியில் யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டையும் அந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு அறிய வழியில்லை.

பகிர்மான அலுவலகத்துக்கு எழுதினேன். “ஆய்வு செய்யப்பட்டது, கோளாறு இல்லை” என்று பதில் வந்தது. ஆய்வுக்கு வந்தவர் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்திருக்கிறார். 246 வோல்ட் என்று குறித்துக்கொண்டு போயிருக்கிறார். இரண்டாவது கடிதத்தில், அந்த மின்மாற்றியின் மின்னழுத்தப் பதிவு வேண்டும் என்று கேட்டேன். பதில் இல்லை. மூன்றாவது கடிதத்துக்கு, அப்படி ஒரு பதிவு பராமரிக்கப்படவில்லை என்று எழுதினார்கள்.

வேறு வழியின்றி ஒரு பதிவுக்கருவியை இரவல் வாங்கி ஒன்பது நாள் அந்த வீட்டில் வைத்தேன். வேலை நாட்களில் நண்பகல் 246 முதல் 249 வோல்ட். இரண்டு ஞாயிறுகளிலும் 257 வரை ஏறியது. தெருமுனையில் ஒரு பட்டறை இருக்கிறது. வாரத்தில் ஆறு நாளும் அதன் இயந்திரங்கள் மின்சாரத்தை இழுத்துக்கொள்கின்றன, ஞாயிறு விடுமுறை. அவ்வளவுதான் மர்மம். பதிவை அச்சிட்டு எடுத்துக்கொண்டு நேரில் போனபோது, மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அதைப் பார்க்கவே இல்லை. கதவருகே நின்றிருந்த லைன்மேன் பார்த்தார். “இந்த மின்மாற்றியின் டாப் மேல் படியில் இருக்கிறது அண்ணே. பழைய காலத்தில் கடைசி வீட்டுக்கு வோல்டேஜ் போதவில்லை என்று ஏற்றி வைத்தார்கள்” என்றார். டாப் என்பது மின்மாற்றி தரும் மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு. இந்த மின்மாற்றியில் ஒரு படி என்றால் 2.5 சதவீதம், 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 6 வோல்ட். அடுத்த வாரம் இணைப்பைத் துண்டித்து, ஒரு படி இறக்கி, மறுபடி இணைத்தார். இருபது நிமிட வேலை. அதன் பிறகு எந்த ஞாயிறும் 251ஐத் தாண்டவில்லை.

முதல் அழைப்புக்கும் அந்த இருபது நிமிடத்துக்கும் இடையில் ஏழு மாதங்கள்.

இதில் என்னை இன்றும் உறுத்துவது அந்த ஏழு மாதம்கூட இல்லை. அந்தத் தெருவில் அப்போதே எல்லா வீடுகளிலும் ஸ்மார்ட் மீட்டர் மாட்டியாகிவிட்டது. அந்த மீட்டர்கள் மின்நுகர்வோடு மின்னழுத்தத்தையும் பதிகின்றன. நான் இரவல் கருவியோடு மாடியேறிய அதே நாட்களில், அதே 257 என்ற எண், என் தலைக்கு இரண்டடி தள்ளியிருந்த உங்கள் மீட்டரிலும் பதிவாகி, உங்கள் சேவையகத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பதிவு பராமரிக்கப்படவில்லை என்று எனக்கு எழுதியவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம். இது பொய்யைவிட மோசமான நிலைமை.

இனி, என் தவறு ஒன்று. மாதம் வீட்டுக்கு 300 யூனிட் செலவழிக்கும் இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் பகல் முழுவதும் ஆட்கள் இருக்கிறார்கள். தகடு தருவதை அப்போதைக்கப்போதே செலவழித்துவிடுகிறார்கள். இன்னொரு வீட்டில் எல்லோரும் காலையில் போய் இரவில் திரும்புகிறார்கள். முதல் வீட்டுக்கு மின்கலம் பெரும்பாலும் வீண். இரண்டாவது வீட்டுக்கு அதுதான் உயிர். மாதாந்திர ரசீதில் இருவருக்கும் ஒரே எண்தான் இருக்கும். அந்த ஒற்றை எண்ணை வைத்து, முதல் வகை வீடு ஒன்றுக்குத் தேவையைப் போல் இரண்டு மடங்கு மின்கலத்தை நான் பரிந்துரைத்தேன். அவர்கள் என்னை நம்பி வாங்கினார்கள். அது இன்று பாதி நிரம்பியபடியே சுவரில் தொங்குகிறது. 15 நிமிட அளவுகள் ஒரு மாதத்துக்குக் கையில் இருந்திருந்தால் அந்தத் தவறு நடந்திருக்காது. என் தொழிலில் இருப்பவர்கள் ஆளுக்கு இப்படி ஒரு வீட்டையாவது மனதில் சுமந்துகொண்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இந்தத் தவறுக்குப் பிறகு, இன்னொரு வாடிக்கையாளரைக் கொண்டு முறைப்படி விண்ணப்பம் போட வைத்தேன். உங்கள் உத்தரவின் “இயன்ற வடிவில்” என்ற சொற்களைப் படித்தபோது சிரித்தேன் என்றால் அதற்குக் காரணம் இதுதான். 52 நாள் கழித்து ஒரு கட்டுக் காகிதம் வந்தது. 30 நாள், நாளுக்கு 96 அளவு, ஆக 2,880 எண்கள். அச்சிட்டு, அதைக் கோணலாக ஸ்கேன் செய்து, மறுபடி அச்சிட்டு அனுப்பியிருந்தார்கள். இரண்டு பக்கங்கள் இல்லை. என் மகளும் நானும் மூன்று இரவுகள் உட்கார்ந்து கணினியில் ஏற்றினோம். ஏற்றி முடித்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. 10:15 என்று எழுதியிருக்கிறதே, அது 10:15க்குத் தொடங்கும் கால்மணி நேரமா, 10:15க்கு முடிவதா? தகட்டிலிருந்து வெளியே போனதும் கம்பியிலிருந்து உள்ளே வந்ததும் தனித்தனி எண்களா, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்த மிச்சமா? மின்வெட்டு ஏற்பட்ட நேரத்தில் பூச்சியம் என்று போட்டிருக்கிறார்களா, முந்தைய அளவையே திரும்பப் போட்டிருக்கிறார்களா? எங்கும் ஒரு குறிப்பு இல்லை. எண்கள் மட்டும் கைக்கு வந்தால் போதாது. அவை எதை அளக்கின்றன என்று சொல்லாவிட்டால் 2,880 எண்களும் 2,880 ஊகங்களே.

இது தீர்க்க முடியாத தொழில்நுட்பப் புதிர் என்று சொல்லிவிடாதீர்கள். அமெரிக்காவில் “கிரீன் பட்டன்” என்ற ஏற்பாடு 2012 ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. வாடிக்கையாளர் தன் மின்நிறுவனத்தின் தளத்தில் ஒரு பச்சைப் பொத்தானை அழுத்தினால், கணினி நேரடியாகப் படிக்கக்கூடிய பொதுவடிவக் கோப்பு இறங்கும். ஒவ்வோர் அளவும் எப்போது தொடங்கியது, எத்தனை நொடி நீடித்தது, எந்த அலகு, எந்தத் திசையில் பாய்ந்தது என்பதெல்லாம் கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும். அதன் இரண்டாவது வடிவத்தில், வாடிக்கையாளர் ஒப்புதல் தந்தால் அவர் தேர்ந்தெடுத்த சேவைக்குத் தரவு தானாகப் போகும். ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் நின்றுவிடும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இதை 2023 நவம்பர் முதல் மின், எரிவாயு நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு மின்சந்தை வழிகாட்டு ஆணை, வாடிக்கையாளர் ஒப்புதலின் பேரில் தகுதியுள்ள எவருக்கும் தரவு சென்றடைய வேண்டும் என்கிறது. டென்மார்க் 2013லும் நார்வே 2019லும் நாடு முழுவதன் மீட்டர் அளவுகளையும் ஒரே மையத்தில் சேர்த்தன. ஆஸ்திரேலியாவில் வங்கித் தரவுக்காக வந்த நுகர்வோர் தரவு உரிமை 2022 நவம்பரில் மின்துறைக்கும் நீண்டது. இவர்களில் எவருடைய மின்கட்டமைப்பும் இதனால் இடிந்து விழவில்லை.

அந்தரங்கம் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏளனம் செய்யப்போவதில்லை. ஒரு வாடிக்கையாளரின் அளவுகளை என் மேசையில் விரித்துப் பார்த்தபோது, இரவு முழுவதும் ஒரே சீரான சிறு சுமை ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டேன். ஏதோ பழைய குளிர்சாதனப் பெட்டி மின்சாரத்தை விழுங்குகிறது என்று நினைத்து, அதை மாற்றினால் மிச்சமாகும் என்று உற்சாகமாகச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அது தன் கணவரின் மூச்சுக்கருவி என்றார். அந்த வீட்டுக்குள் நான் எவ்வளவு தூரம் நுழைந்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. யார் எப்போது தூங்குகிறார்கள், எந்த நாள் வீடு பூட்டிக்கிடக்கிறது, யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் இந்த எண்களில் இருக்கிறது. நெதர்லாந்து நாடாளுமன்றத்தின் மேலவை 2009இல் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்டத்தை ஏற்க மறுத்ததற்கு இந்த அச்சம்தான் காரணம். 15 நிமிட அளவுகளைத் திரட்டுவது சட்டத்தின் பார்வையில் வீட்டைச் சோதனையிடுவதற்கு ஒப்பானது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2018இல் சொன்னது; மின்சேவைக்கான நியாயமான காரணம் இருப்பதால் அந்த வழக்கில் அனுமதித்தது.

ஆனால் இந்த அச்சத்திலிருந்து நீங்கள் வந்து சேர்ந்த முடிவுதான் எனக்குப் புரியவில்லை. இந்த எண்கள் அவ்வளவு அந்தரங்கமானவை என்றால், அவற்றின் சாவி வீட்டுக்காரர் கையில்தானே இருக்க வேண்டும்? உங்கள் உத்தரவின்படி நிறுவனம் அவற்றைப் பார்க்கலாம், வைத்துக்கொள்ளலாம், தன் திட்டங்களுக்குப் பயன்படுத்தலாம். வீட்டுக்காரர் மட்டும் 60 நாள் காத்திருக்க வேண்டும். அந்த மூச்சுக்கருவிக்காரரின் மனைவியை இந்த உத்தரவு யாரிடமிருந்து காப்பாற்றுகிறது? தன் எண்களை அவரே பார்ப்பதிலிருந்துதான் காப்பாற்றுகிறது.

தவிர, ஒரு மின்மாற்றியின் மின்னழுத்தத்துக்கு அந்தரங்கம் கிடையாது. நாற்பது வீட்டுச் சுமையின் கூட்டுத்தொகையில் எந்த வீட்டின் தூக்கமும் தெரியாது. வீடுகள் குறைவாக இருந்தால் தெரியலாம் என்பது உண்மை. அதற்கும் வழக்கங்கள் உண்டு. அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் “15/15” என்று ஒரு விதியைப் பின்பற்றுகிறார்கள்: ஒரு தொகுப்பில் குறைந்தது 15 இணைப்புகள் இருக்க வேண்டும், எந்த ஓர் இணைப்பும் மொத்தத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எண்ணிக்கை போதாத இடத்தில் தொகுப்பைப் பெரிதாக்கி வெளியிடுவார்கள். மூடி வைப்பதற்கும் கொட்டித் திறப்பதற்கும் நடுவில் இப்படி நிறைய படிகள் இருக்கின்றன. உங்கள் உத்தரவு ஒரு படியிலும் கால் வைத்துப் பார்க்கவில்லை.

அடுத்து, பாதுகாப்பு என்ற சொல். கட்டுப்பாட்டுக் கருவிகளின் இணைய முகவரியையோ துணைமின்நிலையத்தின் கடவுச்சொல்லையோ எவரும் கேட்கவில்லை. ஒரு தெருமின்மாற்றியில் இன்னும் எத்தனை கிலோவாட் தகடு சேர்க்கலாம் என்ற கேள்விக்கு விடை தேசப் பாதுகாப்பு ரகசியம் என்றால், கலிஃபோர்னியாவின் பெரிய மின்நிறுவனங்கள் அந்த விவரத்தை ஃபீடர் ஃபீடராக வரைபடத்தில் வெளியிட்டு வைத்திருப்பதை என்னவென்று சொல்வது? அங்கே வரைபடத்தைப் பார்த்துவிட்டு விண்ணப்பம் போடுகிறார்கள். இங்கே விண்ணப்பம் போட்டுவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, “திறன் இல்லை” என்ற இரண்டு சொற்களைப் பெறுகிறோம். எவ்வளவு திறன், எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எதை மாற்றினால் இடம் உண்டாகும் என்று கேட்டால், அந்தக் கேள்வியே குற்றம் போலப் பார்க்கிறார்கள்.

உண்மையில் கட்டமைப்புக்கு ஆபத்து எங்கிருந்து வந்திருக்கிறது என்று பாருங்கள். 2019 ஆகஸ்ட் 9 மாலை பிரிட்டனில் ஒரு மின்னல் வெட்டியது. ஹார்ன்சீ கடல் காற்றாலையும் லிட்டில் பார்ஃபோர்டு எரிவாயு நிலையமும் அடுத்தடுத்து விலகின. அதே நேரத்தில், பகிர்மானக் கம்பிகளில் இணைந்திருந்த சிறு உற்பத்தி நிலையங்கள் ஏறத்தாழ 500 மெகாவாட் அளவுக்குத் தம் பாதுகாப்பு அமைப்புகளாலேயே தம்மைத் துண்டித்துக்கொண்டன. மின்னோட்டத்தின் அதிர்வெண் வழக்கமான 50லிருந்து 48.8 ஹெர்ட்ஸுக்குச் சரிந்து, ஏறத்தாழ 11 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. மின்கட்டமைப்பை இயக்குகிறவர்களுக்குத் தம் கண்ணெதிரே இருந்த பெரிய நிலையங்கள் தெரிந்தன. ஆயிரக்கணக்கான சிறியவை எங்கே, எந்த அமைப்பில் இருக்கின்றன என்பது போதிய அளவு தெரியவில்லை. அந்தப் பாடத்தை ஆஸ்திரேலியா ஓரளவு முன்கூட்டியே படித்துக்கொண்டது. எந்த வீட்டில் எந்த இன்வர்ட்டர், என்ன அமைப்பில் இருக்கிறது என்று குறிக்கும் தேசியப் பதிவேட்டை 2020 மார்ச்சில் தொடங்கியது.

இதில் எனக்குப் பிடித்தது இரண்டு ஊர்க் கதை. ஜெர்மனியில் ஒரு காலத்தில் நிறுவிய இன்வர்ட்டர்கள் எல்லாம் 50.2 ஹெர்ட்ஸ் என்ற ஒரே புள்ளியில் அணையும்படி அமைக்கப்பட்டிருந்தன. தகடுகள் கொஞ்சமாக இருந்தவரை கவலை இல்லை. பெருகிய பிறகு, அதிர்வெண் அந்தக் கோட்டைத் தொட்டால் பல்லாயிரம் மெகாவாட் ஒரே நொடியில் மறையும் என்பது தெரிந்தது. 2012இல் அதற்கென்றே ஒரு விதி போட்டு, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை ஒவ்வொன்றாகத் தேடிப்போய் அமைப்பை மாற்றும் வேலையைத் தொடங்கினார்கள். பல ஆண்டுகள் ஆயின. ஹவாயிலும் ஏறக்குறைய இதே சிக்கல் வந்தது. அங்கே பெரும்பாலான மாடிகளில் என்ஃபேஸ் நிறுவனத்தின் சிறு இன்வர்ட்டர்கள். ஒவ்வொன்றும் எங்கே, எந்த அமைப்பில் இருக்கிறது என்ற விவரம் அந்த நிறுவனத்தின் கையில் இருந்தது. 2015இல் ஏறத்தாழ எட்டு லட்சம் கருவிகளின் அமைப்பை உட்கார்ந்த இடத்திலிருந்தே மாற்றிவிட்டார்கள். ஒரு மாடியிலும் எவரும் ஏறவில்லை. ஏணி சுமந்து பிழைக்கிறவன் நான். இந்தக் கதையைப் பொறாமையோடுதான் சொல்கிறேன்.

பழி முழுவதையும் உங்கள் மேல் போடுவதும் நியாயமில்லை. இன்வர்ட்டர், மின்கலம் செய்யும் நிறுவனங்களும் இதே பூட்டை வேறு கதவில் போட்டிருக்கின்றன. வீட்டுக்காரரின் மின்கலம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற எண் வீட்டிலிருந்து கிளம்பி எங்கோ ஒரு சேவையகத்துக்குப் போய், அழகான வட்டப்படமாகக் கைப்பேசிக்குத் திரும்பி வருகிறது. அந்த எண்ணை எண்ணாகத் தா என்றால் தரமாட்டார்கள். மின்பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐஇஇஇயின் 1547-2018 என்ற தரநிலை இத்தகைய ஒவ்வொரு கருவிக்கும் உள்ளூரிலேயே பேசக்கூடிய ஓர் இடைமுகம் வேண்டும் என்கிறது. கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சன்ஸ்பெக் மாட்பஸ் உள்ளிட்ட மூன்று பொது நெறிமுறைகளில் ஒன்றையாவது அது ஆதரிக்க வேண்டும். அந்த வாசல் இருந்தும் கடவுச்சொல் எங்களிடம் இல்லை. இவர்களை அதட்டும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் கதவையே சாத்திக்கொண்டு அவர்களை எந்த முகத்தோடு அதட்டுவீர்கள்?

இனி என் கோரிக்கைகள்.

உத்தரவின் நான்காவது பத்தியைத் திரும்பப் பெறுங்கள். ஒரு வீட்டின் மீட்டர் பதியும் அளவுகள் அந்த வீட்டாருடையவை, நிறுவனம் அவற்றைப் பொறுப்பேற்று வைத்திருக்கிறது என்று மாற்றி எழுதுங்கள். மற்ற எல்லாம் இந்த ஒரு வரியிலிருந்துதான் வரும்.

இன்று பதிந்த அளவுகள் நாளை வீட்டுக்காரரின் கணக்கில் இருக்க வேண்டும். 60 நாள் என்பது போக வேண்டும். கணினி படிக்கும் பொதுவடிவம், காலக்குறி தொடக்கமா முடிவா என்ற தெளிவு, உள்வந்ததும் வெளிப்போனதும் தனித்தனியாக, மின்னழுத்தமும் சேர்த்து, விடுபட்ட இடங்களில் விடுபட்டது என்ற குறியோடு. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஏற்கெனவே புழங்கும் தரநிலை ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

வீட்டுக்காரர் விரும்பினால் தன் அளவுகளை இன்னொருவருக்குத் திறந்துவிட வழி வேண்டும். எவருக்கு, எதற்கு, எந்தத் தேதிவரை என்று அவரே குறிக்கட்டும். நினைத்த நொடியில் மூடவும் அவரால் முடியட்டும். யார் எப்போது பார்த்தார்கள் என்ற பட்டியலும் அவருக்குத் தெரிய வேண்டும், நிறுவனத்தின் சொந்த அலுவலர்கள் பார்த்ததும் உட்பட. என் போன்றவர்கள் அந்த அளவுகளைத் தவறாகப் பயன்படுத்தினால் தண்டியுங்கள், உரிமத்தைப் பறியுங்கள். அதற்கு நான் முதல் ஆளாகக் கையெழுத்திடுவேன்.

மின்மாற்றிவாரியாக மின்னழுத்தத்தின் உச்சமும் தாழ்வும், இன்னும் எத்தனை கிலோவாட் ஏற்கும் என்ற மதிப்பும் மாதம் ஒரு முறை பொதுவில் வெளியாக வேண்டும். விண்ணப்பம் எதையும் எண்ணில்லாமல் நிராகரிக்கக் கூடாது. திறன் இல்லை என்றால் எவ்வளவு இல்லை, ஏன் இல்லை, டாப் படியை மாற்றினாலோ தகட்டிலிருந்து தெருக்கம்பிக்குப் போவதை நண்பகலில் மட்டும் கட்டுப்படுத்தினாலோ இடம் கிடைக்குமா என்று அந்தக் கடிதமே சொல்ல வேண்டும்.

எந்த மாடியில் எந்த இன்வர்ட்டர், என்ன அமைப்பு என்பதைக் குறிக்கும் பதிவேடு ஒன்று தொடங்குங்கள். பொருத்துகிறவரே அன்றன்றைக்கு நிரப்பும்படி எளிமையாக இருக்கட்டும். மின்கட்டமைப்பை இயக்குகிறவர்களுக்கு அது உடனே கிடைக்கட்டும்.

இவை ஒவ்வொன்றுக்கும் தேதி வேண்டும், தேதி தவறினால் நிறுவனத்துக்கு அபராதமும் வேண்டும். தேதியில்லாத உத்தரவுகளை என் கோப்பில் ஏற்கெனவே நிறைய வைத்திருக்கிறேன்.

கடைசியாக, அந்த ஆசிரியை வசிக்கும் தெருவில் நான்கு வீடுகளின் விண்ணப்பங்கள் “திறன் இல்லை” என்ற இரண்டு சொற்களோடு திரும்பியிருக்கின்றன. நான்கும் அதே மின்மாற்றி. ஒரு படி இறக்கிய பிறகு அங்கே நிலைமை என்ன என்பதை எவரும் மறுபடி அளந்து பார்க்கவில்லை. விண்ணப்ப எண்களையும், என் ஒன்பது நாள் பதிவையும் இந்த மடலின் பிரதியோடு உங்கள் அலுவலகத்தில் ஒப்படைத்திருக்கிறேன். பெரிய கோரிக்கைகளுக்கு நேரம் ஆகும் என்று நீங்கள் சொல்லலாம். இந்த நான்குக்கும் நேரம் ஆகக் காரணமில்லை. அந்த மின்மாற்றியின் கடந்த ஓராண்டு மின்னழுத்தப் பதிவை எடுத்துப் பார்த்து, எண்களோடு அவர்களுக்கு முப்பது நாட்களுக்குள் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மாடிகளில் தகடு பொருத்தும் ஒருவன்